வாவியை வெட்டியது யார்?

அந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கு நல்ல தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. மேசையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, பக்கத்தில் மூடி போட்ட கோப்பையில் இஞ்சித் தேநீர். அவருக்குப் பின்னால் பெரிய ஜன்னல். ஜன்னல் நிறையக் கண்டி வாவி. மழை விட்டு வெயில் வந்திருந்ததால் தண்ணீர் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. மறுகரையில், புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையின் கூரை தெரிந்தது.

அவர் மூக்கைத் துடைத்தார். திரும்பி வாவியைப் பார்த்தார். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளி வீட்டுக்காரியிடம் விசாரிப்பதுபோல, மிகவும் அன்பாகக் கேட்டார்.

“என்ன அழகான ஏரி! இதை எங்கள் ஆட்கள்தானே வெட்டினார்கள்?”

ஆங்கிலத்தில்தான் கேட்டார். அந்த நேரத்தில் எனக்கு அது தமிழில் கேட்டது. பயம் வந்தால் எனக்கு எல்லா மொழியும் தமிழாகிவிடும்.

என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ‘ஆமாம்’ என்பது பொய். ஆனால் மரியாதையான பொய், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற பொய். ‘இல்லை’ என்பது உண்மை. ஆனால் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இங்கிலாந்தில் இருக்கும் என் கணவருக்கும் கண்டியில் இருக்கும் எனக்கும் நடுவே அன்றைக்கு இருந்தது கடல்கூட இல்லை, இந்தப் பெண்மணிதான்.

போனுக்குள் ஒரு அப்பா

போன கிழமை இதே பக்கத்தில், என் கணவரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு அக்கா, கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, “அப்புறம் போய்ச் சேந்தீங்களா இல்லையா? அதச் சொல்லாம முடிச்சிட்டீங்களே” என்றார். இன்னும் போகவில்லை அக்கா. எதுவரை வந்திருக்கிறேன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

இதுவரை படிக்காதவர்களுக்காக: என் கணவர் அந்தனி இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். நானும் எங்கள் மகள் ஜெனியும் இவருடைய அம்மாவும், அதாவது என் மாமியும், கண்டி டவுனுக்கு வெளியே ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறோம். இவர் போகும்போது ஜெனிக்குப் பேச்சு சரியாக வரவில்லை. இப்போது தூங்கும்போதுகூட வாய் ஓய்வதில்லை.

ஆரம்பத்தில் போன் அடித்தால் ஓடிவந்து கண்ணாடிக்கு முத்தம் கொடுப்பாள். திரை முழுக்க எச்சில். பிறகு முத்தம் குறைந்தது. பிறகு ‘ஹலோ’ மட்டும். ஒரு நாள் பொம்மைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. நான் அழைப்பை ஏற்று அவள் கையில் வைத்தேன். அவள் போனை நிலத்தில் குப்புறப் போட்டாள்.

“அப்பா தூங்கட்டும்” என்றாள்.

“ஜெனி, ஜெனிக்குட்டி” என்று இவர் கூப்பிடுவது சீமெந்துத் தரைக்குள்ளிருந்து கேட்பதுபோலக் கேட்டது.

அன்றைக்குத்தான் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தேன். நாங்கள் அங்கே போக வேண்டுமென்றால் நான் ஆங்கிலத்தில் பேசும் சோதனை ஒன்றில் சித்தியடைய வேண்டும். எழுத்து இல்லை. ஒருவர் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். எழுதுவது சுலபம். தவறினால் மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று யாரும் சொல்லத் தயாராக இல்லை. அதற்குள் ஜெனி போனைப் பார்த்தால் குப்புறப் போடுவதற்கு மட்டும்தான் எடுப்பாள் என்று பயந்தேன்.

பேக்கரிக்கு மேலே

கண்டி டவுனில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் சோதனைக்கான வகுப்பு நடந்தது. பின்னேரங்களில் பாண் வேகும் வாசனை படியேறி வந்து எங்களோடு உட்கார்ந்துவிடும். பசியில் எனக்கு இறந்தகாலமும் நிகழ்காலமும் குழம்பும்.

படிப்பித்தவர் சுரேஷ் மாஸ்டர். என்னைவிட இளையவர், தலைமுடியில் எந்நேரமும் ஜெல் மினுங்கும். எங்களையெல்லாம் ‘அக்கா’ என்பார், எங்கள் ஆங்கிலத்தை மட்டும் ‘ஐயோ’ என்பார். என் பக்கத்துக் கதிரையில் கடுகண்ணாவையிலிருந்து வரும் ஃபஸ்லியா. அவளுடைய கணவரும் இங்கிலாந்தில்தான்.

சோதனையில் ஒரு வசதி உண்டு. பேசப்போகும் தலைப்பை நாமே தெரிந்தெடுத்து முன்கூட்டியே கொடுத்துவிடலாம். ஃபஸ்லியா ‘வட்டலப்பம் செய்வது எப்படி’ என்று கொடுத்தாள். இன்னொரு பெண் ‘என் பூந்தோட்டம்’. அவள் இருப்பது மூன்றாம் மாடியில், ஒரு பூச்சட்டிகூட இல்லை. 

நான் கொடுத்தது இது: ‘ஒரு பேரரசும், விடுதலை கேட்ட அதன் குடியேற்ற நாடுகளும்.’

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். நான் பாடசாலையில் உயர்தர வகுப்பில் சரித்திரம் படித்தவள், எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது. அதைவிட இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனால் முதலில் அந்த வீட்டுப் பெரியவர்களைப் பற்றி விசாரிப்போம். அப்பா சுகமா, தாத்தா இருக்கிறாரா, எந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார் என்று கேட்காமல் தேத்தண்ணீர்க் கோப்பையில் கை வைக்க மாட்டோம். வெள்ளைக்காரர் முன்னால் உட்காரப் போகிறோம், அவர்களுடைய பெரியவர்களைப் பற்றிப் பேசுவதுதானே மரியாதை என்று நினைத்தேன். அந்தப் பெரியவர்கள் இங்கே வந்து என்ன செய்தார்கள் என்பது, தலைப்பை எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் ஓடினேன்.

“மாத்த ஏலாதுக்கா. தலைப்பு போயிருச்சு” என்றார் மாஸ்டர். “பூந்தோட்டம், சமையல், நத்தார்ப் பண்டிகை, கோயில் திருவிழா… எவ்வளவு இருக்கு! ஏன் சண்டைக்குப் போனீங்க?”

“சண்டை இல்ல மாஸ்டர். சரித்திரம்.”

“அவங்களுக்குச் சரித்திரம். விசா கேக்கிற நமக்கு அது சண்டைதான்.”

ஃபஸ்லியா தலையில் கை வைத்துக்கொண்டாள். “அல்லாவே! செலின், ஒங்களுக்குப் பைத்தியமா? என்னைப் பாருங்க. முட்ட, கித்துள் கருப்பட்டி, தேங்காப்பால். இதுல எந்த ராஜாவையும் புடிச்சி நாடு கடத்தல்ல.”

சேர் சொன்ன வரைவிலக்கணம்

இந்த இடத்தில் நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிட்ட எங்கள் சரித்திர ஆசிரியரைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு கேட்காது. வத்தேகமவில் நான் படித்த பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் குளிரை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. வகுப்பிலும் மஃப்ளர் சுற்றிக்கொண்டிருப்பார்.

“பேரரசு எண்டால் என்ன? சொல்லுங்கோ பாப்பம்.”

“பெரிய நாடு சேர்.”

“இல்லை. தன்ர வீட்டுக் கதிரை காணாமல், மற்றவன்ர வீட்டுக்குள்ள வந்து கதிரை போட்டு இருக்கிறவன். பிறகு வீட்டுக்காரனைப் பார்த்து, ‘நீ ஏன் நிக்கிறாய், உனக்கு இருக்கத் தெரியாதோ?’ எண்டு கேக்கிறவன்.”

நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

“குடியேற்ற நாடு விடுதலை கேட்டால் என்ன செய்வான்? முதல்ல காது கேளாத மாதிரி இருப்பான். பிறகு ‘உனக்கு நடத்தத் தெரியாது’ எண்டுவான். அதுக்கும் அடங்காட்டில் அடிப்பான். கடைசியில ஒரு நாள் ‘நான்தான் தந்தனான்’ எண்டு கைகுலுக்கிப்போட்டுக் கப்பல் ஏறுவான்.”

“நம்ம நாட்டுல அடி இல்லையே சேர்? கேட்டு வாங்கினோம்னு புத்தகத்துல இருக்கே.”

“ஓம், கடைசியில கேட்டு வாங்கினது. அதுக்கு முந்திக் கண்டிக்காரர் வாங்கின அடி வேற பக்கத்தில இருக்கு. நீர் பக்கத்தைப் புரட்டேல்லை.”

கல்யாணமாகி வந்த பிறகு இந்த வரைவிலக்கணம் எனக்கு வேறு விதத்தில் உதவியது. மாமியின் அடுப்படியில் கறிக்கு உப்புப் போடும் உரிமையை நான் கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே பணிவாகக் கேட்டு வருகிறேன். முதலில் மாமிக்குக் காது கேட்கவில்லை. இப்போது ‘ஒனக்கு உப்போட அளவு தெரியாது புள்ள’ என்கிற கட்டத்துக்கு வந்திருக்கிறோம். அடுத்த கட்டம் வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

மாமியின் கத்தரிக்கோல்

பேச்சை எழுதினேன். பின்னேரத்தில் மாமி கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் தமிழில். மாமி ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அவர் வேலைக்குப் போன புதிதில் தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரைதான். துரை முன்னால் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்பதில் இந்த வீட்டில் அவருக்குத்தான் அனுபவம்.

வெள்ளைக்காரர் கண்டி அரசின் பிரதானிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு வாக்குத் தவறிய இடத்தில் கீரை ஆய்ந்த கை நின்றது.

“இரு. நீ எங்க போற?”

“சோதனைக்கு மாமி.”

“அவங்க வீட்டுக்குள்ள விடுங்கன்னு கேட்டுப் போற. பொண்ணு கேக்கப் போன எடத்துல, ‘ஒங்க தாத்தா களவாணி’ன்னு சொல்லுவாங்களா? அத எடு.”

எடுத்தேன். கலகம் செய்தவர்களைத் தூக்கிலிட்ட வரி வந்தது.

“ஏசுவே! பொம்பளப் புள்ள வாயில வர்ற பேச்சா இது? எடு.”

இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த வழியில் செத்துப்போன எங்கள் ஆட்களைப் பற்றி இரண்டு வரி.

“செத்தவங்களக் கூட்டிக்கிட்டு விசாவுக்குப் போகாத. எடு. ரயில் இருக்கா?”

“இருக்கு மாமி. கடுகண்ணாவை மலையைக் குடைஞ்சு விட்டது.”

“அதப் பெருசாச் சொல்லு.”

கடைசியில் எங்கள் ஓட்டுரிமை வந்தது. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, தோட்டத்துத் தமிழர்கள் இந்த நாட்டுக்காரர்களே இல்லை என்று சட்டம் போட்டு, இருந்த ஓட்டையும் எடுத்துக்கொண்டார்களே, அந்தக் கதை.

“இத எடுக்க வேணாம் மாமி” என்றேன். “இது வெள்ளைக்காரன் செஞ்சதில்ல. அவன் போனதுக்கு அப்புறம் நம்ம நாட்டுல செஞ்சது.”

மாமி யோசித்தார். “அப்ப அது நம்ம வீட்டுச் சண்ட. வெளியாள்கிட்ட அதச் சொல்லுவாங்களா? அதயும் எடு.”

இப்படியாக வெட்டி வெட்டி மிஞ்சியது இவ்வளவுதான்: வெள்ளையர்கள் வந்தார்கள். ரயில் விட்டார்கள். தேயிலை நட்டார்கள். பாடசாலை கட்டினார்கள். நாங்கள் சுதந்திரம் கேட்டோம். கொடுத்தார்கள். நன்றி.

“இப்பத்தான் நல்லா இருக்கு” என்றார் மாமி.

இரவு இவர் போனில் பேசினார். வேலை முடிந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

“அம்மா சொல்றதும் சரிதான் செலின். ரயிலப் பத்தியே பேசு. இங்க எல்லாருக்கும் ரயில்னா உசிரு.”

“நீங்க அங்க யாருகிட்டயாவது நம்ம கதையச் சொல்லியிருக்கீங்களா?”

“எங்க சொல்றது? நேத்து ஒரு தாத்தாவுக்கு ஷேவ் எடுத்துவிட்டேன். எந்த ஊருன்னு கேட்டாரு. சிலோன்னு சொன்னேன். ‘ஆ, தேயிலை!’ன்னாரு. நம்ம கதை முழுக்க அந்த ஒரு வார்த்தையிலயே அடங்கிருச்சு.”

மறுநாளிலிருந்து வெட்டிச் சுருங்கிய பேச்சை மனப்பாடம் செய்தேன். துணி துவைக்கும்போது சொன்னேன், பஸ்ஸில் உதட்டுக்குள் சொன்னேன். இடையில் அடிக்கடி ஒரு சந்தேகம் வந்து நிற்கும். இதைச் சொல்லித்தான் போக வேண்டுமா? உடனே அடுத்த சந்தேகம்: சொல்லாமல் போக முடியாவிட்டால் ஜெனிக்கு என்ன பதில் சொல்வாய்?

மாமியிடமும் ஒரு நாள் கேட்டேன். “நாங்க போனா நீங்க என்ன மாமி செய்வீங்க?”

“வத்தேகமவுல மக வீட்டுல எனக்குன்னு ஒரு கட்டில் இருக்கு. நீ ஒழுங்கா ரயிலச் சொல்லு” என்றார். ஜெனி அவர் மடியில் கிடந்தாள். மாமியின் விரல் அவள் தலைமுடியில் பேன் தேடிக்கொண்டிருந்தது. ஜெனிக்குப் பேன் கிடையாது.

ஜன்னலோரம்

சோதனை நடந்தது வாவிக்கரையில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில். இங்கிலாந்திலிருந்து வந்த பெண்மணி ஒருவர், ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். என் முறை வந்தது. வணக்கம் சொன்னேன். தலைப்பைப் பார்த்து அவர் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. நான் தொடங்கிவிட்டேன். வந்தார்கள், விட்டார்கள், நட்டார்கள், கட்டினார்கள். ரயில் கடுகண்ணாவையில் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

“மிக நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறீர்கள்” என்றார் சிரித்துக்கொண்டே. “ஆனால் நான் கேட்க வேண்டியது நீங்கள் இயல்பாகப் பேசுவதை. அதை அப்படியே விட்டுவிட்டு, நாம் இருவரும் சும்மா பேசிக்கொள்ளலாமா?”

நான் தலையாட்டினேன். அப்போதுதான் அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பேசுவதற்கு எளிதாக ஏதாவது எடுத்துக் கொடுக்கத்தான் கேட்டிருக்க வேண்டும். “இந்த ஏரியை எங்கள் ஆட்கள்தானே வெட்டினார்கள்?”

“இல்லை” என்றேன். “எங்கள் ராஜா வெட்டினார்.”

சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் தோட்டத்திலிருந்து வந்த கத்தோலிக்கத் தமிழ்ப் பெண். கண்டி ராஜா அதுவரை எனக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு படம், அவ்வளவுதான். ஆனால் அவருடைய வாவியை வேறொருவர் பேரில் எழுதப் பார்த்ததும் அவர் எனக்குச் சொந்தக்காரராகிவிட்டார்.

“ஓ! மன்னியுங்கள். நல்ல ராஜாவா?”

“இல்லை” என்றேன் மறுபடியும். அதையும் சொல்லத்தானே வேண்டும். சனங்களைப் பிடித்துவந்து வெட்டச் சொன்னார், மறுத்தவர்களைக் கழுவேற்றினார் என்று சொல்வார்கள். கழுவேற்றுவதற்கு ஆங்கிலம் தெரியவில்லை. பேனையை நிமிர்த்திப் பிடித்து, காகிதக் கைக்குட்டை ஒன்றைச் சுருட்டி அதில் குத்திக் காட்டினேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்படியானால் எங்கள் ஆட்கள் வந்தது சனங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமே?”

“கொஞ்ச நாள். வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரர் மாதிரி நடக்கத் தொடங்கும் வரைக்கும்.”

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. நான் இஞ்சித் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினேன். “பிறகு?” என்றார் இருமலுக்கு நடுவில்.

பிறகு என்ன? மாமி வெட்டிப்போட்டதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து என் நாக்கில் உட்கார்ந்தது. கொடுத்த வாக்கு, மீறிய வாக்கு, எழும்பிய சனங்கள், எரிந்த கிராமங்கள், தூக்குமரம். இறந்தகாலம் நிகழ்காலமாகியது. ‘அவர்’ எல்லாம் ‘அவள்’ ஆனது. ராஜாவையே ஒரு தடவை ‘அவள்’ என்று சொல்லிவிட்டேன். நிறுத்தத் தெரியவில்லை.

“நீங்கள் அந்த ராஜாவின் சனங்களா?”

“இல்லை மேடம். ராஜாவை நீங்கள் பிடித்துக் கப்பலேற்றி இந்தியாவில் வேலூரில் கொண்டுபோய் விட்டீர்கள். பிறகு அந்தக் கரையிலிருந்து எங்களைக் கூட்டிவந்து ராஜாவின் மலையில் விட்டீர்கள். சாமான்களை இடம் மாற்றி வைப்பதுபோல.”

‘நீங்கள்’ என்றுதான் சொன்னேன். ‘அவர்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும். பாவம், தடிமன் பிடித்த அந்த அம்மா எதைக் கப்பலேற்றினார்?

“சுதந்திரம் கிடைத்தபோது உங்கள் குடும்பத்தில் கொண்டாடினார்களா?”

“கொண்டாடினார்கள். கிடைத்தது எங்களுக்கில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்டவர்களும் பெரியவர்கள், கொடுத்தவர்களும் பெரியவர்கள். நடுவில் மலையில் இத்தனை பேர் நிற்கிறோம் என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.”

“அப்படியென்றால் உங்களுக்கு யார் மேல் கோபம்?”

“காலையில் ஒருவர் மேல். பின்னேரம் மற்றவர் மேல்.”

அவர் இஞ்சித் தேநீரை ஒரு வாய் குடித்தார். வெளியே ஏதோ ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தது. பிறகு, குரலில் எந்த வித்தியாசமும் இல்லாமல் கேட்டார்.

“இவ்வளவு இருந்தும் ஏன் எங்கள் நாட்டுக்கு வர விரும்புகிறீர்கள்?”

இதற்கு வகுப்பில் படித்த பதில் ஒன்று இருந்தது. அதில் ‘வாய்ப்பு’, ‘பண்பாடு’ என்றெல்லாம் வரும். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

“என் மகளின் அப்பா அங்கே இருக்கிறார். அவர் கூப்பிட்டால் அவள் போனை இப்படிப் போடுகிறாள்” என்று சொல்லி என் உள்ளங்கையை மேசைமேல் குப்புற வைத்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். “நன்றி, நேரம் முடிந்துவிட்டது” என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தும்போது அவர் தும்மும் சத்தம் கேட்டது.

வாவிக்கரையில்

ஃபஸ்லியா படியிலேயே உட்கார்ந்திருந்தாள். “வட்டலப்பத்துக்கு எத்தன முட்டன்னு கேட்டா செலின்! நான் கல்யாணம் கட்டின நாள்ல இருந்து செய்யிறேன், ஒரு எண்ணிக்க வாயில வருதில்ல. ‘நிறைய’ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“நான் திட்டிட்டு வந்திட்டேன் ஃபஸ்லியா.”

“யார?”

“எல்லாரையும்.”

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவிட்டோம்.

மாமி வாவிக்கரைச் சுவரோரம் மரநிழலில் நின்றிருந்தார். ஜெனி மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“ரயிலச் சொன்னியா?”

“பாதி வரைக்கும் மாமி.”

“மிச்சம்?”

சொன்னேன். கழுவேற்றியதையும் விடாமல் சொன்னேன். மாமி பைக்குள் கைவிட்டுச் செபமாலையை எடுத்தார். வீடு வரும்வரை பஸ்ஸில் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. எனக்காகச் செபித்தாரா, அந்தப் பெண்மணியின் தடிமனுக்காகச் செபித்தாரா தெரியாது.

பதில் வரும்வரை நான் பட்ட பாட்டை எழுதினால் இந்த இதழ் போதாது. ஒரு ‘ஆமாம்’ சொல்லியிருந்தால் என்ன? அந்த ராஜா வந்து என்னிடம் கணக்குக் கேட்கவா போகிறார்? பருப்பு வேகும்போது நினைத்தேன், ஜெனிக்குத் தலை வாரும்போது நினைத்தேன். ஒரு நாட்டின் சுயமரியாதையைக் காப்பாற்ற எனக்கு யார் வேலை கொடுத்தது? அதே நேரம், அன்றைக்கு அந்தக் கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேசியிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தால் உள்ளே என்னமோ நிமிர்ந்துகொள்ளும். உடனே அதற்கும் பயந்துவிடுவேன்.

ஒரு காலை போனில் தகவல் வந்தது. மூன்று தடவை வாசித்தேன். நம்பாமல் சுரேஷ் மாஸ்டருக்கு அனுப்பினேன். “பாஸ் அக்கா! பாஸ்! பேச்சுக்கு நல்ல மார்க்ஸ்!” என்று அவர் கத்தியதில் கீழே பேக்கரிக்காரருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். ஃபஸ்லியாவும் பாஸ்.

மாமி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஓடினேன்.

“மாமி, பாஸாயிட்டேன்.”

“திட்டினதுக்கு அப்புறமுமா?”

“ஆமா மாமி.”

மாமி ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப இன்னும் ரெண்டு வார்த்த கூடச் சொல்லிட்டு வந்திருக்கலாமே” என்றார்.

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். என் கைகளை விலக்கிவிட்டு உள்ளே போனவர், அலுமாரி மேலே கிடந்த பெரிய சூட்கேஸை இறக்கச் சொன்னார். இறக்கிக் கொடுத்தேன். அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழைய சேலைத் துண்டால் தூசி துடைக்கத் தொடங்கினார். மூடியைத் துடைத்தார், கைப்பிடியைத் துடைத்தார், அடியில் இருந்த சில்லுகளை உருட்டி உருட்டித் துடைத்தார். பிறகு மறுபடியும் மூடிக்கு வந்தார்.

“போதும் மாமி. தூசி எல்லாம் போயிருச்சு.”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“இரு புள்ள” என்றார். “இன்னும் இருக்கு.”